நாலு மணிக்கே இருட்டும் ஊரில் பண்டிகைக் கடைவீதி

டிசம்பர் நடுவில் மான்செஸ்டரில் சூரியன் எழும்போது காலை 8.20 ஆகிவிடும். மறைவது மாலை 3.50க்கு. மதியச் சாப்பாட்டை முடித்து ஒரு டீயும் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தால் கண்ணெதிரே பகல் தீர்ந்துபோகும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் 5 மணிக்குக் கதவைச் சாத்துகின்றன. கிறிஸ்துமஸ் சந்தைக் கடைகள் இரவு 8 மணி வாக்கில் மூடும். தீனிக்கடைகள் இன்னும் சற்று நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் பெரிய கடைகளுக்கு மொத்தமே ஆறு மணி நேரம்தான். இந்தக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பண்டிகைக்கால மான்செஸ்டர் யாருக்காவது சொதப்பினால், காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிசகியதுதான். பணமும் குளிரும் அதற்கு அடுத்தபடி.

கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். அசல் மான்செஸ்டரின் மையத்தில் இன்று நூற்பாலைச் சத்தம் இல்லை. ஆலைகள் ஓய்ந்துவிட்டன, பஞ்சுக் காசில் எழும்பிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. கடைவீதியும் கலைக்கூடமும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம். வியாபாரி எங்கே கூடினானோ அங்கேயே நூலகமும் கச்சேரி மண்டபமும் கட்டினான்.

இதைக் கண்ணால் பார்க்கச் சரியான இடம் செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தை ஒட்டியிருக்கும் ராயல் எக்ஸ்சேஞ்ச். ஒருகாலத்தில் உலகத்துப் பஞ்சு வியாபாரத்தின் பெரும்பகுதி பேசி முடிக்கப்பட்ட கூடம் இது. இந்தியாவிலிருந்து ஏறிவந்த பஞ்சு துணியாகி நம் கடைகளுக்குத் திரும்பியபோது, அந்தத் துணிக்கு இங்கேதான் விலை சொன்னார்கள். 1931இல் காந்தி இந்த ஊரைச் சுற்றியிருக்கும் ஆலைப் பகுதியான லங்காஷயருக்கு வந்து, அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் கூடம் வேறு மாதிரித் தெரியும். 1968இல் வியாபாரம் நின்றது. கடைசி நாளின் விலைகளைக் காட்டும் பலகையை உயரத்தில் இன்றும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

1976இல் அந்தக் கூடத்துக்குள் ஒரு நாடக அரங்கை வைத்தார்கள். பழைய தரை அதன் பாரத்தைத் தாங்காது. அதனால் எஃகும் கண்ணாடியுமாக ஏழு பக்கம் கொண்ட ஒரு கூண்டைச் செய்து, கூடத்தின் பெரிய தூண்களிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடை நடுவில், பார்வையாளர்கள் சுற்றிலும். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் நடிகர் சில அடி தூரத்தில்தான் இருப்பார் என்பதால் விலை குறைந்த டிக்கெட் எடுத்தவருக்கும் நஷ்டமில்லை. நாடகம் பார்க்காதவர்களும் அரங்கு திறந்திருக்கும் நேரத்தில் கூடத்துக்குள் போய் நிமிர்ந்து பார்த்துவிட்டு வரலாம்.

இன்றைய கடைவீதியின் வரைபடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1996 ஜூன் 15, ஒரு சனிக்கிழமை. வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதமெடுத்து எதிர்த்த ஐரிஷ் குடியரசுப் படையின் லாரிக் குண்டு கார்ப்பரேஷன் தெருவில் வெடித்தது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்து ஜனங்களை வெளியேற்றியிருந்ததால் உயிரிழப்பு இல்லை; 200 பேருக்கு மேல் காயம். நகர மையம் சிதைந்தது. அதைத் திரும்பக் கட்டியபோதுதான் எக்ஸ்சேஞ்ச் சதுக்கமும், அங்கிருந்து செயின்ட் ஆன்ஸ் பக்கம் போகும் நியூ கதீட்ரல் தெருவும், அதன் விலையுயர்ந்த கடைகளும் வந்தன. வெடிப்புக்கு மிக அருகிலிருந்தும் தப்பிய சிவப்புத் தபால் பெட்டி, சிறு அறிவிப்புத் தகட்டோடு கார்ப்பரேஷன் தெருவில் இன்றும் நிற்கிறது. பை நிறையச் சாமான் தூக்கிக்கொண்டு அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்களே அதிகம்.

கிறிஸ்துமஸ் சந்தை 1998இல் செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் சிறிதாகத் தொடங்கியது. மரக் குடில்கள், சூடான மசாலா ஒயின், பொரித்த தொத்திறைச்சி என்று வடிவம் முழுக்க ஜெர்மானியச் சந்தையினுடையது. இது வெறும் இறக்குமதி என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் பஞ்சுக் காலத்து மான்செஸ்டரில் ஜெர்மானிய வியாபாரிகள் ஏராளமாக இருந்தார்கள். குடும்பத்தின் நூல் கம்பெனிக்காக, கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் வந்து தங்கியதும் இங்கேதான். ஊரின் பெருமையான ஹாலே இசைக்குழுவை 1858இல் தொடங்கியவர் ஜெர்மனியில் பிறந்த சார்லஸ் ஹாலே. அந்த ஊர்க்காரர்கள் விட்டுப்போன சந்தை 100 வருஷம் தாமதித்து வந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சந்தை ஒரே இடத்தில் இல்லை. செயின்ட் ஆன்ஸ் சதுக்கம், எக்ஸ்சேஞ்ச் சதுக்கம், கிங் தெரு, கதீட்ரல் பக்கம், பிக்காடில்லி கார்டன்ஸ் என்று பிரிந்து கிடக்கும். நகரமன்றக் கட்டடம் 2018இல் பெரும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு, முன்னாலிருக்கும் ஆல்பர்ட் சதுக்கமும் வேலியடைக்கப்பட்டபின் சில வருஷம் பிக்காடில்லி கார்டன்ஸ் முக்கிய இடமாக இருந்தது. இடங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் போன வருஷத்து வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல், நகராட்சி அந்த வருஷம் வெளியிடும் வரைபடத்தைப் பாருங்கள். இடத்துக்கு இடம் குணமும் வேறு. பிக்காடில்லியில் சாப்பாடும் குடியும் சத்தமும். செயின்ட் ஆன்ஸிலும் கிங் தெருவிலும் கைவினைப் பொருள்கள் சற்று அதிகம், நெரிசல் சற்றுக் குறைவு.

நாள் குறிக்கும்போது பலர் தவறுவது இங்கேதான். சந்தை நவம்பர் முதல் பாதியில் திறந்து, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பே, வழக்கமாக டிசம்பர் 21 அல்லது 22 வாக்கில் முடிந்துவிடும். பள்ளி விடுமுறை விட்டதும் 23ஆம் தேதி வந்து இறங்கும் குடும்பத்துக்குக் கழற்றி அடுக்கிய பலகைகள்தான் மிச்சம். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், காலை 10 மணிக்குப் போவது உத்தமம். 5 மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் சேரும். சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் குழந்தை வண்டியோடு போவதை எந்தச் சூழ்நிலையிலும் தவிருங்கள். தள்ளவும் முடியாது, திரும்பவும் முடியாது. அந்த நேரத்தைக் கலைக்கூடத்துக்கு ஒதுக்கினால் இரண்டுமே நிம்மதியாக முடியும்.

சூடான பானம் வாங்கும்போது கோப்பைக்கும் சேர்த்துக் காசு வாங்குவார்கள். அது முன்பணம், கோப்பையைத் திருப்பித் தந்தால் திரும்பக் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு வடிவம் என்பதால் திருப்பித் தராமல் எடுத்துப்போகிறவர்களும் உண்டு. சந்தையில் கிடைக்கும் ஞாபகப் பொருள்களில் விலை குறைந்தது இதுவாகத்தான் இருக்கும். திருப்புவதாக இருந்தால் வாங்கிய கடையிலேயே திருப்புங்கள். வேறு கடைக்காரர் ஏற்பாரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பெயர்கள் குழப்பும். மின்ஸ் பை என்ற பெயரில் கறி ஒலித்தாலும் இன்று உள்ளே இருப்பது உலர்பழமும் மசாலாவும்தான். சிக்கல் கொழுப்பில் இருக்கிறது. பழைய முறையில் செய்த மின்ஸ் பையிலும் கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் சூயட் என்ற மாட்டுக்கொழுப்பு சேரும். மேல்மாவில் பன்றிக்கொழுப்பும் இருக்கலாம். கடைகளில் விற்கும் பலவற்றில் தாவரக் கொழுப்புதான், ஆனால் பெட்டியில் சைவம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ரப்பர் மாதிரி இழுபடும் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும், பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. குடிலில் உருளைக்கிழங்கு வாங்கினாலும் தொத்திறைச்சி பொரித்த தட்டில் சூடாக்குகிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்; கேட்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிய விவரத்தைக் கடைக்காரர் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம்.

சந்தைப் பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை வெளிப்படையாக. மர நட்சத்திரம், கம்பளித் தொப்பி, வாசனை மெழுகுவத்தி ஆகியவற்றில் கணிசமான பகுதி எந்த ஐரோப்பிய ஊர்ச் சந்தையிலும் கிடைக்கக்கூடிய மொத்தச் சரக்கு. ‘இதை யார் செய்தது, எங்கே?’ என்று கேட்டால் பதிலிலேயே தெரிந்துவிடும். இந்த ஊர்க்கையால் செய்த பொருள்தான் வேண்டுமென்றால் நார்தர்ன் குவார்ட்டர் பக்கம் ஓக் தெருவில், பழைய மீன் சந்தைக் கட்டடத்தில் இயங்கும் கைவினை மையத்துக்குப் போகலாம். நகை, மட்பாண்டம், அச்சுப்படம் செய்பவர்கள் அங்கேயே பட்டறை வைத்து அங்கேயே விற்கிறார்கள். பேரம் பேசும் வழக்கம் சந்தையிலும் இல்லை, கடையிலும் இல்லை.

இனி கடைச் சட்டம். இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமையன்று காலை 10க்கும் மாலை 6க்கும் இடையே தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டுமே விற்கலாம். 1994ஆம் வருஷச் சட்டம் அது. பண்டிகைக்காலத்துக்கென்று தளர்வு கிடையாது. 11 முதல் 5, அல்லது 11.30 முதல் 5.30 என்று கடைக்குக் கடை மாறும். சில கடைகள் அரைமணி முன்னதாகக் கதவைத் திறந்து சுற்றிப் பார்க்க விடும், ஆனால் கல்லா திறக்காது. இது தெரியாதவர்கள் கையில் சட்டையோடு வரிசையில் நின்று விழிப்பார்கள். சங்கிலிக் கடைகளின் சிறு கிளைகள் இந்தச் சட்டத்துக்குள் வராது. பாலும் ரொட்டியும் அங்கே கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விமான நிலையத்தில் வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று இன்னமும் நம்புகிறார்கள். பிரிட்டனின் பெருநிலப் பகுதியில் அந்த ஏற்பாடு 2021 ஜனவரி 1 முதல் கிடையாது. விலைச்சீட்டில் இருப்பதே முழு விலை. 20 சதவீத வாட் அதற்குள் அடங்கியிருக்கும். கடையே நேராக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால் மட்டும் வரி கழியலாம், அதிலும் அனுப்பும் செலவு பெரும்பாலும் லாபத்தைத் தின்றுவிடும். குழந்தைகளின் உடை, காலணி, அச்சுப் புத்தகம் இவற்றுக்கு இங்கே வாட் வரியே இல்லை. ஊருக்கு எடுத்துப்போக எதை வாங்குவது என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். காலணி அளவு இந்தியாவிலும் பிரிட்டனிலும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதும் வசதி.

திருப்பிக் கொடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் கேட்க 2015ஆம் வருஷ நுகர்வோர் சட்டம் உரிமை தருகிறது. பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பதற்கு அந்த உரிமை இல்லை. அது கடையின் விருப்பம். பெரிய கடைகள் பெரும்பாலும் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொள்கின்றன, பண்டிகைக்கு வாங்கியதை ஜனவரிவரை திருப்ப விடுகின்றன. சந்தைக் குடிலில் அதை எதிர்பார்க்காதீர்கள், 22ஆம் தேதிக்குப் பிறகு குடிலே இருக்காது. பரிசு கொடுப்பதற்காக வாங்கினால் விலை அச்சிடாத பரிசு ரசீது கேளுங்கள். மின்சாரப் பொருளை ஓட்டல் அறையிலேயே ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் இடத்தில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கும். முதலாவது, இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிடாமல் வருவது. பல கடைகள் அட்டையைத்தான் விரும்புகின்றன. சிலவற்றில் ரொக்கம் வாங்குவதே இல்லை. இரண்டாவது, இயந்திரம் ‘ரூபாயா, பவுண்டா?’ என்று கேட்கும்போது பழகிய நாணயம் என்று ரூபாயைத் தொடுவது. மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் கம்பெனி தன் லாபத்தோடு வைத்திருக்கும். பவுண்டைத் தொடுவதே நல்லது. மூன்றாவது, சொந்தக்காரர் கொடுத்தனுப்பிய பழைய காகித நோட்டு. காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பரோடு செல்லாமல் போயின. இங்கிலாந்து வங்கி மாற்றித் தரும், கடை வாங்காது.

அடுத்தது கலைக்கூடங்கள். இங்கேதான் ஊர் தாராளமாக நடந்துகொள்கிறது: முக்கியமானவை எல்லாம் இலவசம். பல கூடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் டீன்ஸ்கேட் தெருவின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பஞ்சு வியாபாரத்தில் கோடிகளைக் குவித்த ஜான் ரைலண்ட்ஸ் 1888இல் இறந்தார். மனைவி என்ரிக்கேட்டா அவர் நினைவாகக் கட்டி, 1900 ஜனவரி 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார். வெளியே பார்த்தால் தேவாலயம் போல இருக்கும். படிப்பறையைத் தெருச் சத்தம் எட்டாத உயரத்தில் மாடியில் வைத்தார்கள். எரிவாயு விளக்கின் புகை புத்தகத்தைக் கெடுக்கும் என்று அந்தக் காலத்திலேயே மின்விளக்கு போட்டார்கள். ஆலைக்கரி படிந்த ஊர்க்காற்றை வடிகட்டி உள்ளே விட்டார்கள். கரியைக் கக்கிய அதே தொழிலின் பணத்தில், அந்தக் கரியிலிருந்து புத்தகத்தைக் காப்பாற்ற ஒரு கட்டடம்! குட்டன்பர்க் பைபிளும், யோவான் நற்செய்தியின் மிகப் பழைய துண்டுகளில் ஒன்றாகக் கருதப்படும் பாப்பிரஸ் துணுக்கும் இந்தச் சேகரிப்பில் உள்ளன. திறக்கும் நாள்கள் குறைவு என்பதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோஸ்லி தெருவின் மான்செஸ்டர் ஆர்ட் கேலரியில், ரஃபேலுக்கு முந்திய பாணியைத் தேடிப்போன 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குழுவான ரஃபேல்முன் ஓவியர்களின் படங்களுக்குத்தான் பெயர். டிசம்பரில் வருபவர்கள் தேட வேண்டியது அடால்ஃப் வலெட் என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களை. 1910 வாக்கில் அவர் வரைந்த ஊர், மூடுபனியில் பாதி கரைந்து கிடக்கும் தெருக்களும் குதிரைவண்டிகளும்தான். பார்த்துவிட்டு நாலு மணிக்கு வெளியே வந்தால் அதே மங்கல் நிறம் எதிரே நிற்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு சாலையில் தெற்கே சுமார் 2 கிலோமீட்டர் போனால் பல்கலைக்கழகத்தின் மான்செஸ்டர் மியூசியம். 2023இல் புதுப்பித்துத் திறந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தோடு சேர்ந்து தெற்காசியக் கூடம் ஒன்றை அமைத்தார்கள். தெற்காசிய வம்சாவளியினர் சுமார் 30 பேர் கூடி, எதை வைப்பது, எப்படிச் சொல்வது என்று முடிவெடுத்த கூடம். பஞ்சின் கதையை ராயல் எக்ஸ்சேஞ்சில் வாங்கியவர் பக்கத்திலிருந்து பார்த்தோமென்றால் இங்கே மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். குழந்தைகள் டைனோசர் எலும்புக்கூட்டை விட்டு நகர மாட்டார்கள். அதற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள்.

மாலைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று பிரிட்ஜ்வாட்டர் ஹாலில் ஹாலே இசைக்குழுவின் கிறிஸ்துமஸ் கச்சேரிகள். டிசம்பர் நிகழ்ச்சிகள் சீக்கிரம் விற்றுவிடும், அக்டோபரிலேயே எடுப்பது நல்லது. ஹாண்டலின் மெசையா என்ற பக்தி இசைப்படைப்பை வாசிக்கும் நாளில் ‘அல்லேலூயா’ பகுதிக்குச் சபையே எழுந்து நின்றால் திகைக்க வேண்டாம், பழைய பழக்கம் அது. மற்றொன்று பாண்டோமைம். பெயரைப் பார்த்து மௌன நாடகம் என்று எண்ணிப் போனால் காது அடைத்துப்போகும். பெண் வேஷம் கட்டிய ஆண், பார்வையாளரோடு வம்பளக்கும் கோமாளி, வில்லன் வந்தால் கூட்டமே கத்தி எச்சரிப்பது என்று நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. உள்ளூர் அரசியல் நகைச்சுவை பாதி புரியாது. குழந்தைகளுக்கு அது ஒரு பொருட்டும் இல்லை.

போக்குவரத்தில் டிராம்தான் வசதி. தனி டிக்கெட் தேவையில்லை. ஏறுமுன் நடைமேடைக் கம்பத்தில் அட்டையைத் தொட வேண்டும், இறங்கியபின் மறுபடி தொட வேண்டும். ஏறும்போது போனையும் இறங்கும்போது அட்டையையும் தொட்டால், இரண்டும் ஒரே கணக்கைச் சேர்ந்தவையாக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு ஆள்கள். இரண்டு அரைகுறைப் பயணத்துக்கும் பணம் போகும். ஒரு அட்டை ஒருவருக்கு மட்டும். பேருந்தில் ஏறும்போது தொட்டால் போதும். பிக்காடில்லி ஸ்டேஷனிலிருந்து டீன்ஸ்கேட்வரை நகர மையம் முழுவதையும் நடந்தே கடக்கலாம் என்பதால், மழை விட்டால் டிராமே வேண்டாம். கழிப்பறை பெரிய பிரச்சினை. ஆர்ன்டேல் வணிக வளாகம், கலைக்கூடங்கள், செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தின் வட்டமான மத்திய நூலகம் ஆகியவற்றை நம்பலாம்.

பெட்டி கட்டும்போது பனி உருண்டைப் பொம்மை கைப்பையில் போகக் கூடாது. உள்ளே இருப்பது திரவம். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடலாம். இழுத்தால் பட்டென்று வெடிக்கும் கிறிஸ்துமஸ் கிராக்கரில் துளி வெடிமருந்து உண்டு, அதைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. கண்ணாடிக் குமிழ்களைக் கம்பளிச் சாக்ஸுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்துப் பெட்டியின் நடுவில் வையுங்கள். மர அலங்காரம், விளக்குத் தோரணம், காகிதம் போன்றவற்றை அவசரமில்லாதவர்கள் 26ஆம் தேதிக்குப் பிறகு வாங்கினால் பாதி விலைக்குக் கிடைக்கும். குளிர்கால மேல்கோட்டுக்கும் அதே நாள்தான் ஏற்றது.

24ஆம் தேதி மாலை கடைகள் வழக்கத்தைவிட முன்னதாகவே மூடத் தொடங்கும். 25 அன்று ரயில் இல்லை, டிராம் இல்லை, பெரிய கடை எதுவும் திறக்கச் சட்டம் இடம் கொடுக்காது. 26லும் ரயில்கள் மிகக் குறைவு. ஆகவே பாலும் பழமும் ரொட்டியும் 24 மதியத்துக்குள் வாங்கியாக வேண்டும். வாங்க மறந்தவர்களுக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது: செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு சாலையைப் பிடித்து தெற்கே முக்கால் மணி நேரம் நடந்தால் ரஷோம். கறி மைல் என்று பெயர் பெற்ற அந்தத் தெருவில் பாகிஸ்தானியரும் மத்தியக் கிழக்கு நாட்டினரும் நடத்தும் உணவகங்களில் பல 25 அன்றும் அடுப்பு மூட்டியிருக்கும்.